கரண்ட் வைக்கும்போது அளப்பது யார்?

புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சு சிகிச்சையை ஊர்ப்பக்கம் "கரண்ட் வைப்பது" என்பார்கள். விழுப்புரம், கடலூர் பக்கத்திலிருந்து இதற்காகப் பலர் புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கு வருகிறார்கள். நோயாளியைப் படுக்க வைத்துவிட்டு எல்லோரும் அறையை விட்டு வெளியே போய்விடுவார்கள். கதிர் பாயும்போது வலிக்காது, கண்ணுக்கும் தெரியாது. அப்படியானால் உடம்புக்குள் சரியான அளவுதான் போனது என்று எப்படித் தெரியும்?

இது சின்ன விஷயம் இல்லை. அளவு குறைந்தால் நோய் திரும்பி வரலாம். கூடினால் நல்ல திசு கெட்டுப்போகும். கொடுக்கும் அளவில் பிழை 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று 1976-லேயே கதிர்வீச்சு அலகுகளுக்கான சர்வதேச ஆணையம் பரிந்துரைத்தது.

1895-ல் ரோண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த பிறகு, ஆரம்பகால டாக்டர்களுக்குத் தோல் சிவப்பதுதான் அளவுகோல். 1904-ல் பாரிஸில் சபுரோ, நுவாரே என்ற இருவர் ஒரு வழி கண்டார்கள். பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய சின்னப் பச்சை வில்லை, கதிர் படப்படப் பழுப்பாக மாறும். குறித்த நிறம் வந்ததும் நிறுத்திவிடலாம். குழந்தைகளின் தலையில் வரும் படைக்காக வந்த முறை இது. ஆனால் சிகிச்சை நடக்கும்போதே அளப்பது என்ற யோசனை அப்போதே வந்துவிட்டது!

பிறகு பெரிய இயந்திரங்கள் வந்தன. இந்தியாவில் 1950களின் பிற்பகுதியிலேயே சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குக் கோபால்ட் இயந்திரம் வந்தது. இயந்திரத்திலிருந்து வரும் கதிரை முன்கூட்டியே அளந்து, எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு துல்லியமானது. ஆனால் அது கணக்குதான், நோயாளி மேல் எடுத்த அளவு அல்ல.

அந்தக் குறையைத் தீர்க்க லித்தியம் ஃபுளோரைடு சில்லு வந்தது. தோலில் ஒட்டி, பிறகு சூடாக்கினால் வாங்கிய கதிருக்கு ஏற்ப ஒளிரும். ஆனால் விடை தெரிவது சிகிச்சை முடிந்த பிறகுதான். டையோடு அப்படி இல்லை. கதிர் பட்டதும் மின்சாரம் தரும், வெளியே இருப்பவருக்கு உடனே எண் தெரியும்.

புதுச்சேரியில் 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழி வந்ததுதான் ஜிப்மர். அதே பிரான்ஸ்தான் இந்த விஷயத்தில் பெரிய விலை கொடுத்தது. எபினால் நகர மருத்துவமனையில் 2004-05-ல் புதிய சிகிச்சை முறைக்கு மாறினார்கள். கணக்குப் போடும் மென்பொருள் ஆங்கிலத்தில் இருந்தது, பிரெஞ்சில் கையேடு இல்லை. தவறான தேர்வால் 20-க்கும் மேற்பட்ட புராஸ்டேட் புற்றுநோயாளிகளுக்கு அளவுக்கு மீறிக் கதிர் போனது. சிலர் இறந்தும் போனார்கள். இதில் கொடுமை என்னவென்றால், அங்கே டையோடு இருந்தது. புதிய முறைக்கு அது சரியாகப் பொருந்தவில்லை என்று பயன்படுத்துவதை நிறுத்தியிருந்தார்கள்!

அதற்குப் பிறகுதான் பிரான்சில் சிகிச்சையின் தொடக்கத்திலேயே நோயாளி மேல் அளந்து பார்ப்பது கட்டாயமானது. இப்போது உடலைத் தாண்டி வரும் கதிரை எதிர்ப்புறத் தட்டில் பிடித்து, உள்ளே போன அளவைக் கணிக்கும் முறையும் வந்திருக்கிறது.

பச்சை வில்லையிலிருந்து இதுவரை நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கருவிகள் மாறினாலும் பாடம் ஒன்றுதான். கணக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்த அறையில் தனியாகப் படுத்திருப்பவர் பக்கம் நின்று அளக்க ஏதாவது ஒன்று வேண்டும்.