பதிவேடும் பிரசாவுரிமையும்: ஆவணத் தேடலில் முன்பின் வரிசை

ஒரு சமூகத்தின் வரலாறு ஆவணங்களின் இருப்பை மட்டும் பொறுத்ததன்று. வேண்டிய வேளையில் வேண்டிய ஆவணம் கைக்கு எட்டுவதையும் பொறுத்தது. மலையகத் தமிழரின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த இம்மக்களைப் பற்றிய எழுத்துப் பதிவுகள் இல்லாமலில்லை. மண்டபம் முகாமிலே பதிவு; தோட்டத்திலே செக்றோல்; 1921இல் ஒழிக்கப்படும்வரை கடனைச் சுமந்து வந்த துண்டு; பிறப்பு, இறப்புப் பதிவுகள் எனப் பலவுண்டு. ஆயின் இவற்றுட் பெரும்பாலானவை தொழிலாளரைக் கட்டுப்படுத்தவும் கூலியைக் கணக்கிடவும் எழுதப்பட்டவையேயன்றி, அவர்தம் உரிமையை நிறுவும் நோக்குடன் எழுதப்பட்டவையல்ல.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்நிலையின் கொடுமையை வெளிப்படுத்திற்று. ஒருவர் இலங்கையிற் பிறந்திருத்தல் மட்டும் போதாது. அவருடைய தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்குப் பிறந்திருத்தல் வேண்டும் என அது விதித்தது. அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 சனவரி 1ஆம் திகதிக்கு முன் மணமானோர் 7 ஆண்டும் மற்றையோர் 10 ஆண்டும் இடையறாது வதிந்தமையை நிறுவுமாறு கேட்டது. ஒரே முறையில் 12 மாதங்களுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தோரின் வதிவு இடையறுந்ததாகக் கொள்ளப்பட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. பிரசாவுரிமை பெற்றோரோ ஏறத்தாழ 1,34,000 பேரே. நிராகரிப்புக்குக் காரணங்கள் பலவெனினும், வதிவை எழுத்திற் காட்ட இயலாமை அவற்றுள் முதன்மையானது.

இன்று இத்தகைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிப் பேணுதல் இயலக்கூடியதாகும். 2005 முதல் இயங்கும் நூலகம் என்னும் இணைய நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் இவ்வாறு காத்து வருகின்றது. எனினும் ஏற்றுதல் வேறு, தேடிக் காணுதல் வேறு. ஒரு பெயரைத் தேடினால் ஆயிரம் விடைகள் வரலாம். அவற்றுள் எதனை முதலிற் காட்டுவது என்பதே வினா.

இவ்வினாவுக்கு 1972இல் கரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் பிரித்தானிய அறிஞர் அடிப்படையான விடையொன்றை அளித்தார். பல ஆவணங்களில் வரும் சொல்லுக்குக் குறைந்த நிறையும், சிலவற்றில் மட்டுமே வரும் சொல்லுக்குக் கூடிய நிறையும் தருதல் வேண்டும் என்பதே அது. முத்துசாமி, மாரியம்மாள் என்பன தோட்டந்தோறும் வழங்கும் பெயர்கள். ஆகவே அவை தேடலுக்கு அதிகம் உதவா. தோட்டத்துப் பிரிவின் பெயரோ அரியது. ஆதலின் அது பெரிதும் உதவும். ஆனால் இவ்விதியை இயந்திரம்போற் பின்பற்றின் இடரும் உண்டு. எழுதுவினைஞர் பிழையாக எழுதிய பெயரும் அரிய சொல்லாகவே தோன்றும். சரியான வடிவிலே தேடுவோருக்கோ அது அகப்படாது. ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் பலவாறு எழுதப்பட்டது. ஒரே தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயரும் தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயரும் இருந்தன. இவ்வடிவங்களை முன்னரே ஒருங்கிணைத்தல் இன்றியமையாததாகும்.

1998இல் உலகளாவிய வலைச் சங்கம் பரிந்துரைத்த எக்ஸ்.எம்.எல். என்னும் குறியீட்டு முறை ஈண்டுப் பயன்படுவது. பதிவேட்டின் ஒவ்வொரு பதிவையும் பெயர், தந்தை பெயர், தோட்டம், திகதி எனக் கூறுகளாகப் பிரித்துக் குறிக்க அது இடந்தருகின்றது. கூறுகள் குறிக்கப்படாவிடின், ஒரு பெயரை அறுபது முறை கொண்ட தடித்த செக்றோல் முன்னே வந்து நிற்கும். அதே பெயரை ஒரே வரியிற் கொண்ட பிறப்புப் பதிவு பின்தள்ளப்படும். ஆவணத்தின் நீளத்துக்கேற்ப நிறையைக் குறைத்தும், தந்தை பெயர்க் கூறுக்கு நிறையைக் கூட்டியும், பெயரும் திகதியும் ஒரே பதிவினுள் அமைந்தவற்றை முன்வைத்தும் இவ்வரிசையைத் திருத்தலாம்.

ஆயினும் எல்லார்க்கும் பொருந்தும் ஒரே வரிசை இல்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. கூலி வரலாற்றை ஆராய்வோனுக்குச் செக்றோலே முதன்மையானது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமோ, 1964 ஒக்டோபர் 30 முதல் நிரந்தரமாக வதிந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கியது; அதன்படி உரிமையை நிறுவ முனைவோருக்கு அத்திகதியை ஒட்டிய வதிவுப் பதிவே முதன்மையானது. ஆகவே நிறைகள் எவ்வாறு இடப்பட்டன என்பதைத் தேடுவோர் அறியவும், தம் தேவைக்கேற்ப மாற்றவும் வழியிருத்தல் வேண்டும்.

தோட்டங்கள் 1975இல் தேசியமயமாகி, 1992இல் மீண்டும் தனியார் முகாமைத்துவத்துக்குச் சென்றன. அவற்றோடு அலுவலகப் பதிவேடுகளும் கைமாறின. எஞ்சியவற்றைக் காத்தல் முதற்கடன். காத்தவற்றுள் ஏழைத் தொழிலாளியின் ஒற்றை வரி ஆயிரம் பக்கங்களுக்கு அடியிற் புதையுண்டு போகாதவாறு வரிசைப்படுத்துதல் அதற்குச் சற்றும் குறையாத கடனாகும். எந்தச் சான்று முந்தும், எது பிந்தும் என்பதை அன்று சட்டம் தீர்மானித்தது. அதன் விளைவை ஒரு சமூகம் முழுவதுமே சுமந்தது. இன்று அவ்வரிசையை அமைப்போர் இதனை மறத்தலாகாது.