கண் திறந்த எலிக்குஞ்சும் காயம் ஆற்றும் புரதமும்

விரலில் கீறல் பட்டால் உடனே வாயில் வைத்துச் சப்புவது பலருடைய பழக்கம். தோலை வளர்க்கும் புரதம் முதலில் கிடைத்ததும் உமிழ்நீர்ச் சுரப்பியில்தான்!

1950களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரீட்டா லெவி-மோண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் நரம்பு வளர்ச்சிக் காரணியை ஆராய்ந்து வந்தார்கள். சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த குஞ்சுகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். இரண்டு வாரத்தில் கண் திறக்க வேண்டிய குஞ்சுகள் ஏழாம் நாளே திறந்துவிட்டன. நரம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் கோஹன் இதை விடவில்லை. தோலின் மேல்படலம் வேகமாக வளர்வதே காரணம் என்று கண்டார். அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து 1962இல் வெளியிட்டார். 1986இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

காயத்துக்கு இது உதவுமா? 1989இல் வெளியான சோதனையில் 12 நோயாளிகள். ஒட்டுவதற்காகத் தோல் எடுத்த இரண்டு இடங்களில் ஒன்றுக்கு வெறும் களிம்பு, மற்றதற்குப் புரதம் கலந்த களிம்பு. புரதம் பூசிய இடம் சுமார் ஒன்றரை நாள் முன்னதாக ஆறியது.

அவ்வளவுதானா என்று தோன்றலாம். சின்னக் காயத்தில் இரத்தத் தட்டணுக்களே வளர்ச்சிக் காரணிகளை வெளிவிடுகின்றன. அதனால் லாபம் கொஞ்சம்தான். எளிதில் ஆறாத சர்க்கரை நோய்க் கால் புண்ணில்தான் தேவை அதிகம். அதற்கான வளர்ச்சிக் காரணி ஜெல்லுக்கு 1997இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

சின்னக் கீறலுக்கு? சுத்தமான தண்ணீரில் கழுவி, மூடி வைத்தால் போதும். சப்ப வேண்டாம், உமிழ்நீரில் கிருமிகளும் உண்டு.