ஈயின் கண்ணும் மூளையும்: ஓர் ஆராய்ச்சியின் வரலாறு



தெஹிவளையிலே காலி வீதியோரத்துப் பழக்கடை ஒன்றின் முன் சற்று நின்றால், கனிந்து வெடித்த வாழைப்பழங்களைச் சுற்றி எள்ளளவான ஈக்கள் சில வட்டமிடுவதைக் காணலாம். கடைக்காரர் துணியை வீசுவார், அவை எழும், மறுகணம் அங்கேயே வந்தமரும். வீசிய துணியைக் கண்டது எது? கண்டவுடன் பறக்கச் சொன்னது எது? அவ்வறிவை ஈக்குக் கற்பித்தவர் யார்? குழந்தைத்தனமாகத் தோன்றும் இவ்வினாக்களுக்கு விடைகாண அறிஞர் பலர் தம் வாழ்நாளையே செலவிட்டனர். அவ்வரலாற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இவ்வரலாறு 1910ஆம் ஆண்டில், நியூயோர்க்கின் கொலம்பியா சர்வகலாசாலையிலே தொடங்குகிறது. தோமஸ் ஹண்ட் மோர்கன் என்னும் விலங்கியலறிஞர் போத்தல்களில் வளர்த்த பழ ஈக்களுக்கு இயல்பாகக் கண் சிவப்பு. அவற்றினிடையே ஒருநாள் வெண்கண் ஆண் ஈ ஒன்று தோன்றியது. அதன் சந்ததியை ஆராய்ந்த மோர்கன், கண்ணின் நிறத்தைத் தீர்மானிக்கும் பரம்பரையலகு இலிங்க நிறமூர்த்தத்திலே இருப்பதைக் காட்டினார். வெண்கண் ஈ நிறத்தில் மட்டும் வேறுபட்டதன்று. பக்க ஒளியைத் தடுக்கும் நிறப்பொருள் இல்லாமையால், அதன் பார்வையும் மங்கியது என்பது பின்னர் தெரியவந்தது.

ஒரு பரம்பரையலகு நிறத்தை மாற்றலாம், நடத்தையையும் மாற்றுமோ? இதனைச் சோதிக்கத் துணிந்தவர் கலிபோர்னியாவிலே பணியாற்றிய சீமோர் பென்சர். கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் ஒளியை வைத்தார். இயல்பான ஈக்கள் அதை நோக்கி ஓடின, சில ஓடவில்லை. மீண்டும் மீண்டும் பிரித்தெடுத்து, ஒளியை நாடாத ஈ வகைகளை 1967இல் அவர் உலகுக்கு அறிவித்தார்.

குறை கண்ணிலா, மூளையிலா என்பது அடுத்த வினா. இதற்குப் பென்சரும் யப்பானியரான யொஷிக்கி ஹொட்டாவும் கண்ட வழி வியப்புக்குரியது. உடலின் ஒரு பகுதி இயல்பாகவும் மறுபகுதி விகாரமுற்றதாகவும் உள்ள கலப்பு ஈக்களை உண்டாக்கினர். ஒரு கண் மட்டும் குறையுற்ற ஈ, இருளிலே நேராக மேலேறியது. மேலிருந்து ஒளி விழுந்ததும் திருகு சுருள்போலச் சுற்றிச் சுற்றி ஏறியது. இரு கண்ணுக்கும் ஒளியைச் சமமாக்க முயன்று, குறைக்கண்ணை ஒளிப்பக்கம் திருப்பிக்கொண்டே சென்றது. குறை மூளையில் அன்று, கண்ணிலேயே உள்ளது என்று அது நடந்த பாதையே சாட்சி கூறிற்று.

எனினும் கண்ணும் மூளையும் தனித்தனியே வளர்வன அல்ல. கண்ணிலிருந்து புறப்படும் நரம்பிழைகள் மூளையின் பார்வைச் சோணைகளை அடையாத ஒரு விகாரத்தை 1987இல் அறிஞர் விவரித்தனர். அத்தகைய ஈக்களிலே சோணைகள் சிதைந்து சிறுத்தன. தப்பித்தவறி இணைப்பு ஏற்பட்ட சிலவற்றிலோ வளர்ந்திருந்தன. கண்ணின் தொடர்பின்றி மூளையின் அப்பகுதி நிலைபெறுவதில்லை.

1995இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலே வால்ட்டர் கேரிங்கின் குழுவினர், இல்லாதபோது ஈயைக் குருடாக்கும் ஒரு பரம்பரையலகை ஈயின் காலிலும் சிறகிலும் இயங்கவைத்தனர். அங்கெல்லாம் கண் முளைத்தது! எலியிலிருந்து எடுத்த அதே வகைப் பரம்பரையலகும் அவ்வாறே செய்தது. மனிதரிடம் இது பழுதுற்றால், கண்ணின் கதிராளி இன்றியே குழந்தை பிறக்கக்கூடும். பழக்கடை ஈயை ஆராய்வது வீண்வேலை என்பவர்க்கு, அத்தகைய குழந்தையை ஏந்திய ஒரு தாயின் முகமே விடையாகும்.

நம் அண்டை நாட்டிலும் இவ்விளக்கு ஏற்றப்பட்டது. ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று 1962இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலே மூலக்கூற்று உயிரியற் பிரிவைத் தொடங்கியவர் ஒபைத் சித்தீக்கி. பென்சருடன் சேர்ந்து, சூடு ஏறியதும் முடங்கிவிழும் ஈக்களை ஆராய்ந்து 1976இல் அவர் கட்டுரை வெளியிட்டார். நரம்பிலே செய்தி ஓடுவதும் நிற்பதும் பரம்பரையலகுகளைச் சார்ந்தவை என்பதற்கு அது தக்க சான்றாயிற்று. கென்யாவிற் பிறந்து அயர்லாந்திலே கற்ற வெரோனிக்கா ரொட்ரிகஸ் என்னும் பெண்மணி அவரிடம் மாணவியாக வந்து, மணத்தையும் சுவையையும் ஈ உணரும் வழியைத் துலக்கினார். 1992இல் பெங்களூரிலே தேசிய உயிரியல் விஞ்ஞான நிலையம் உருவானதற்குச் சித்தீக்கியே முன்னின்றார். ரொட்ரிகஸ் 2010இலும் சித்தீக்கி 2013இலும் காலமாயினர். வறுமை மிகுந்த நாடு ஈயை ஆராயலாமா என்ற வினாவுக்கு, அவர்கள் வாதத்தால் அன்று, வேலையாலேயே விடை கூறினர். ஈயை வளர்க்கப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை; போத்தலும் தீனியும் பொறுமையும் போதும்.

2024இல் பெண் பழ ஈ ஒன்றின் மூளை முழுவதற்கும் வரைபடம் வெளிவந்தது. ஏறத்தாழ 1,39,000 நரம்புக்கலங்கள்; அவற்றிடையே 5 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகள். அக்கலங்களிலே பாதிக்கு மேல் பார்வைச் சோணைகளைச் சேர்ந்தவை. ஈயின் மூளையிற் பெரும்பங்கு பார்ப்பதற்கென்றே அமைந்தது எனலாம்.

இதனால் எல்லாம் பிறப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது என்று கொள்ளலாமோ? கொள்ளலாகாது. பரம்பரையலகு வீட்டைக் கட்டும் கொத்தனைப் போன்றது. வீட்டிலே வாழ்வது வேறு. குறைக்கண் ஈகூட நின்றுவிடவில்லை. தன் குறைக்கேற்ப வழியைச் சுற்றி அமைத்துக்கொண்டு, ஒளியை நோக்கியே ஏறிற்று. அடுத்தமுறை பழத்தட்டிலிருந்து ஈயை விரட்டும்போது, நேயர்களே, அதனை ஒரு கணம் நினைவுகொள்ளுங்கள்.