ஒட்டுக்கேட்பும் நாடாளுமன்றமும்: 1996 தீர்ப்பு எடுக்காமல் விட்ட பாதி

தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மக்கள் சிவில் உரிமைக் கழக வழக்கில் 1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் திருப்புமுனையாகக் கொள்கிறார்கள். தொலைபேசிப் பேச்சும் அந்தரங்க உரிமைக்குள் அடங்கும் என்று நிறுவிய வகையில் அது சரி. ஆனால் கண்காணிப்பைக் கண்காணிப்பது யார் என்ற கேள்வியில் அத்தீர்ப்பு புதிய பாதை போட்டதா என்பது ஐயத்துக்குரியது.

1885 தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு முதலில் இருந்த வடிவத்தைப் பார்க்க வேண்டும். பொது நெருக்கடி இருந்ததா, பொதுப் பாதுகாப்புக்காகத்தான் அரசு தலையிட்டதா என்று ஐயம் எழுந்தால், அரசுச் செயலர் தரும் சான்றிதழே முடிந்த முடிவு என்றது அது. அதற்கு மேல் எவரும் கேட்க முடியாது. 1972 திருத்தம் இந்த வாசகத்தை நீக்கி, நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு போன்ற காரணங்களை வரையறுத்து, ஆணைக்கான காரணத்தை எழுத்தில் பதியவும் சொன்னது. சான்றிதழ் போயிற்று. செயலர் போகவில்லை.

நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்போடு முரண்பட வேண்டிய இடம் இதுதான். ஒட்டுக்கேட்பதற்கு முன்பே நீதிமன்ற அனுமதி வேண்டும் என்ற வாதம் ஏற்கப்படவில்லை. சட்டத்தில் அப்படி இல்லை என்பது காரணம். இங்கிலாந்தின் 1985 சட்டமும் தீர்ப்பில் பேசப்படுகிறது. அங்கும் முன் அனுமதி கிடையாது என்பது உண்மையே. ஆனால் அந்தச் சட்டம் அதற்கு ஈடாக ஒரு தீர்ப்பாயத்தையும், உயர் நீதித்துறைப் பதவி வகித்த ஓர் ஆணையரையும் அமைத்தது. ஆணையரின் ஆண்டறிக்கை பிரதமர் வழியாக இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும். நம் தீர்ப்பின் வழிகாட்டு நெறிகளில் ஆணையரும் இல்லை, அறிக்கையும் இல்லை. உள்துறைச் செயலர் ஆணையிடுவார். அமைச்சரவைச் செயலர், சட்டச் செயலர், தொலைத்தொடர்புச் செயலர் கொண்ட குழு மறுஆய்வு செய்யும்.

ஆணையரையும் அறிக்கையையும் ஏற்படுத்துவது சட்டமியற்றும் அவையின் வேலை என்று நீதிமன்றம் ஒதுங்கியிருக்கலாம். அப்படியானால் சட்டத்திலேயே இல்லாத மறுஆய்வுக் குழுவை அது எப்படி உருவாக்கியது? குழுவை உண்டாக்க முடிந்தவர்களுக்கு, ஆணைகளின் எண்ணிக்கையையாவது அவையில் வையுங்கள் என்று சொல்லும் வழி அடைபட்டிருக்கவில்லை. நீதிபதிகளின் மனத்தை இதிலிருந்து உறுதியாக வாசிக்க இயலாது. ஆயினும் 1885இன் சான்றிதழுக்கும் 1996இன் குழுவுக்கும் உறவு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாசிப்பு. இரண்டிலும் நிர்வாகத்தை நிர்வாகமே சரிபார்க்கிறது.

தீர்ப்பின் வழிகாட்டு நெறிகள் 1999இல் தந்தி விதிகளில் 419-ஏ விதியாகி, 2007இல் விரிந்தன. மறுஆய்வுக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடி, ஒவ்வொரு முறையும் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று தரவுப் பாதுகாப்பு பற்றிய நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் பதிவு செய்தது. ஒரே அமர்வில் அத்தனை கோப்புகளையும் படிப்பது மனிதரால் ஆகாது. குழுவுக்கே போகாத ஆணைகளும் உண்டு. 2011இல் பிறப்பிக்கப்பட்ட ஓர் ஒட்டுக்கேட்பு ஆணையை 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தபோது, பதிவுகள் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படாததும் ஒரு காரணம்.

உளவு அமைப்புகளை நாடாளுமன்ற மேற்பார்வைக்குள் கொண்டுவர மணீஷ் திவாரி 2011இல் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. தந்திச் சட்டத்துக்கு மாற்றான தொலைத்தொடர்புச் சட்டம் 2023 டிசம்பரில் நிறைவேறியபோது, எதிர்க்கட்சி உறுப்பினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் இடைநீக்கத்தில் இருந்தார்கள். 2024 டிசம்பரில் வந்த புதிய விதிகளிலும் மறுஆய்வு செய்பவர்கள் அரசுச் செயலர்களே. ஆண்டுக்கு எத்தனை ஆணைகள் பிறந்தன என்று அவைக்குச் சொல்ல வேண்டிய கடமை அவற்றிலும் யாருக்கும் விதிக்கப்படவில்லை.