ஆப்பும் நிலமும்: ஒரு கோல்ஃப் மட்டையின் வரலாறு

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பழைய பெருவழி சித்தூரைக் கடந்ததும் பங்காருபாளையத்தைத் தொடுகிறது. பிறகு மொகிலிக் கணவாய் ஏறிப் பலமநேரை அடைந்து கோலார் மேட்டுநிலத்தில் இறங்காமல் நீள்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வழியின் இரு முனைகளுக்கும் கோல்ஃப் வந்து சேர்ந்தது. பெங்களூர் கோல்ஃப் கிளப் 1876இல் நிறுவப்பட்டது. சென்னையில் 1884இல் தோன்றிய மெட்ராஸ் ஜிம்கானா கிளப், கிண்டிக் குதிரைப் பந்தயத் தடத்தின் உட்புறத்தைத் தன் கோல்ஃப் மைதானமாக்கிக்கொண்டது. இரண்டுக்கும் இடையில் கோலார் தங்கவயல் இருந்தது. சித்தூர், வட ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் சுரங்கத்துக்குள் இறங்க, மேலே ஆங்கிலேய அதிகாரிகளின் கிளப்புக்கென ஒரு கோல்ஃப் மைதானம் விரிந்திருந்தது. தெலுங்கில் 'பங்காரு' என்றால் பொன். பொன்னின் பெயர் தாங்கிய ஊரைக் கடந்து பொன் விளையும் நிலத்துக்குச் செல்லும் இந்தச் சாலையோரத்தில், மட்டையைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர். தரையை அறிந்தவர் வேறொருவர். இந்திய கோல்ஃபின் வரலாற்றை இந்தப் பிரிவினையிலிருந்தே தொடங்க வேண்டும்.

அதற்குப் பொருத்தமான கருவி 'வெட்ஜ்'. தமிழில் இதற்கு நேர்ச்சொல் 'ஆப்பு'. மரத்தைப் பிளக்கும் ஆப்பைப் போலவே இம்மட்டையின் தலையும் அடியில் தடித்து மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். குழியை நெருங்கிய பின் ஆடப்படும் குறுந்தொலைவு ஆட்டத்துக்கு உரியது இது. 72 அடிகளை இலக்காகக் கொண்ட மைதானத்தில், குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் பந்தை உருட்டிவிடுவதற்கென்றே கணக்கிடப்படுகின்றன. மீதமுள்ளவற்றிலும் கணிசமான பங்கு குழியைச் சுற்றிய சிறு வட்டத்துக்குள் விழுகிறது. நெடுந்தொலைவு அடி காண்போரின் வியப்பைப் பெறும். கணக்கைத் தீர்மானிப்பது குறுந்தொலைவு ஆட்டம்.

வெட்ஜ் என்னும் பெயர் பிற்காலத்தது. 19ஆம் நூற்றாண்டு ஆட்டக்காரரின் பையில் கிளீக், மாஷி, நிப்ளிக் என்னும் ஸ்காட்லாந்துப் பெயர்களே இருந்தன. அக்காலத்தின் தொடக்கத்தில் பந்து, தோலுறைக்குள் இறகுகளைத் திணித்துச் செய்யப்பட்டது. இரும்பு பட்டால் அது கிழிந்துவிடும். ஆகவே இரும்பு மட்டையை அரிதாகவே எடுத்தனர். 1848 வாக்கில் மலாய்த் தீவுகளின் மரப்பாலில் செய்த 'கட்டா பெர்ச்சா' பந்து வந்தபின் இந்நிலை மாறியது. 'கெத்தா' என்பது மலாய் மொழியில் பிசினைக் குறிக்கும் சொல். ஆசியக் காட்டு மரமொன்றின் பால் ஸ்காட்லாந்தின் கொல்லுலைகளுக்குப் புதுவேலை கொடுத்தது. வண்டிச்சக்கரத் தடத்தில் சிக்கிய பந்தை எடுப்பதற்கென்றே சிறுதலை கொண்ட ஓர் இரும்பு மட்டை இருந்தது. பந்து கிடக்கும் நிலமே மட்டையின் உருவத்தைத் தீர்மானித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மணற்குழி நெடுங்காலம் விடையற்ற சிக்கலாக இருந்தது. நிப்ளிக்கின் கூரிய விளிம்பு மணலைத் தோண்டிக்கொண்டு உள்ளே புதைந்துவிடும். 1920களின் இறுதியில், கரண்டி போல உட்குழிந்த முகம் கொண்ட மட்டை ஒன்று அமெரிக்காவில் வந்தது. 1930ஆம் ஆண்டு ஹோய்லேக்கில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் அவ்வகை மட்டையைப் பயன்படுத்தி வென்றார். ஒரே வீச்சில் மட்டை பந்தை இருமுறை தொடக்கூடும் என்ற ஐயம் எழவே, 1931இல் குழிந்த முகம் தடைசெய்யப்பட்டது.

மாற்று வழி ஜீன் சராசெனிடமிருந்து வந்தது. ஹோவர்ட் ஹியூஸுடன் விமானத்தில் சென்றபோது இறக்கையின் பின்மடிப்பு இறங்க, விமானம் மேலெழுவதைக் கண்டதாக அவர் பின்னாளில் கூறினார். நிப்ளிக்கின் அடிப்புறத்தில் ஈயத்தைப் பற்றவைத்து, பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்குமாறு அவர் தேய்த்தார். இப்போது மட்டை மணலைத் தோண்டவில்லை. மணலின் மீது வழுக்கிச் சென்றது. மட்டை பந்தைத் தொடாமலேயே, இடையில் கிளம்பிய மணல் பந்தைத் தூக்கி வெளியே எறிந்தது. 1932ஆம் ஆண்டு பிரின்சஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை அவர் வென்றார். நடுவர்களின் கண்ணில் படாதிருக்க மட்டையைத் தலைகீழாகப் பையில் மறைத்து வைத்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார்.

சராசென் சேர்த்த அந்தத் தாழ்வே இன்று 'பவுன்ஸ்' எனப்படும் கோணம். வெட்ஜைத் தேர்வோர் பெரும்பாலும் முகத்தின் சாய்கோணத்தை மட்டும் கேட்கின்றனர். தரையோடு பேசுவது பவுன்ஸ் கோணமே. மென்மணலிலும் ஈரப்புல்லிலும் 10 பாகைக்கு மேற்பட்ட பவுன்ஸ் மட்டை புதையாமல் காக்கும். இறுகிக் காய்ந்த தரையில் அதே மட்டை துள்ளி எழுந்து பந்தின் நடுவில் மோதும். பந்து குழியைத் தாண்டி ஓடிவிடும். அங்கே 4 முதல் 6 பாகையே போதுமானது. கிண்டியின் சித்திரைத் தரையும் ஐப்பசி மழைக்குப் பிந்தைய தரையும் ஒரே தரையல்ல. இடமறியாமல் ஆப்பைப் பிடுங்கி வால் நசுங்கிய குரங்கின் கதை தமிழருக்குப் புதிதன்று.

சாய்கோணத்தின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. முன்பு 'பிட்சிங் வெட்ஜ்' ஏறத்தாழ 50 பாகை சாய்ந்திருந்தது. தொலைவை விற்க முனைந்த உற்பத்தியாளர்கள் இரும்பு மட்டைகளை நிமிர்த்திக்கொண்டே வந்ததால் அது 46, 44 என்று குறைந்தது. 56 பாகை கொண்ட மணல் வெட்ஜுக்கும் அதற்கும் நடுவில் பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பப் பிறந்ததுதான் 50 அல்லது 52 பாகை 'கேப் வெட்ஜ்'. சந்தை உண்டாக்கிய இடைவெளியைச் சந்தையே பொருளாக்கி விற்றது. 1980களில் டேவ் பெல்ஸின் ஆய்வுகளைப் பின்பற்றி டாம் கைட் 60 பாகை வெட்ஜைப் பையில் சேர்த்தார். 1992இல் பெபிள் பீச்சில் அமெரிக்க ஓப்பனை அவர் வென்றபோது, இறுதி நாளின் 7ஆம் குழியில் புல்தரைக்கு வெளியிலிருந்தே பந்தைக் குழிக்குள் சேர்த்தார். அமெரிக்காவில் 1938இலும் பிரிட்டனில் 1939இலும் வந்த விதி பையில் 14 மட்டைகளுக்கு மேல் அனுமதிப்பதில்லை. எனவே ஒரு வெட்ஜைச் சேர்ப்பவர் வேறொன்றைத் துறக்கிறார். நான்கு முதல் ஆறு பாகை இடைவெளியில் மூன்றோ நான்கோ வெட்ஜுகளை அடுக்குவது இன்றைய வழக்கம். தேர்வு என்பது துறப்பும்கூட.

இந்தியத் தரையில் இக்கருவிகள் எல்லாம் ஒரே பொருளைப் பெறவில்லை. நீர் அரிதான மைதானங்கள் பலவற்றில் குழியைச் சுற்றிப் புல் இல்லை. எண்ணெய் கலந்து இறுக்கிய மணற்பரப்பே இருந்தது. அதற்கு 'பிரவுன்' என்று பெயர். பந்தை உயர்த்தி நிறுத்தும் நுட்பத்துக்கு அங்கே வேலை குறைவு. தாழப் பறக்கவிட்டு, முன்னதாகவே தரையிறக்கி, உருளவிடும் கணிப்பே ஆட்டமானது. எத்தனை அடிக்கு முன் பந்து விழ வேண்டும், எந்தப் பக்கம் சரியும் என்பதை விலைப்பட்டியல் சொல்லாது. அதை அறிந்தவர் மட்டைப் பையைச் சுமந்த உள்ளூர் ஆள். 'கேடி' எனப்பட்ட அவர் பிரெஞ்சு 'கடே' என்ற சொல்லின் வழிவந்தவர். சென்னைத் தமிழில் போக்கிரியைக் குறிக்கும் கேடி வேறு. கிளப் சுவர்களில் தலைவர்களின் பெயர்கள் பொன்னெழுத்தில் நின்றன. கேடிகளின் அறிவு அடுத்த தலைமுறைக்கு வாய்வழியாக மட்டுமே சென்றது.

அந்த அறிவு மட்டையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்ட தருணங்களும் உண்டு. தில்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாகத் தொடங்கிய அலி ஷேர் 1991இல் அதே மைதானத்தில் இந்திய ஓப்பனை வென்றார்; 1993இல் மீண்டும் வென்றார். 1829இல் நிறுவப்பட்ட ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பேணியவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா. நெடுந்தொலைவு அடிக்கும் உடல்வலிமை அவருக்கு இல்லை. குழியருகே அவர் காட்டிய துல்லியத்தால் 'சிப்புட்சியா' என்னும் பட்டப்பெயர் பெற்றார். 2008இல் தில்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ், 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் இந்திய ஓப்பன் என அவர் வென்ற பட்டங்களின் பின்னே, புல்லின் ஈரத்தைக் காலையிலேயே தொட்டறியும் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை இருக்கிறது. தரையை அறிந்தவரும் மட்டையைத் தேர்ந்தவரும் அவரிடத்தில் ஒருவராயினர்.

பெருவழியின் மேற்கு முனையான பெங்களூரில் பிறந்த அதிதி அசோக்கும் தொலைவால் வென்றவர் அல்லர். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், தம்மைவிட மிகத் தொலைவு அடித்த போட்டியாளர்களுடன் குறுந்தொலைவு ஆட்டத்தின் பலத்தால் இறுதிவரை நின்று, ஓர் அடி வேறுபாட்டில் பதக்கத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். அப்போட்டியில் அவருடைய மட்டைப் பையைச் சுமந்தவர் அவருடைய தாயே. அவ்வாறு பை சுமந்த பிறருள் எத்தனையோ பேரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இன்று கடைக்குச் செல்லும் மாணவர் 52, 56, 60 என்ற எண்களின் முன் நிற்கும்போது விலையைக் கேட்குமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஆடப்போகும் தரை எத்தகையது? அந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு மேலாக விடை சொல்லி வந்தவர்களை ஆட்ட வரலாறு இன்னும் முறையாக எழுதிக்கொள்ளவில்லை. பழைய கேடிகள் உயிரோடு இருக்கும்போதே அவர்களுடைய வாய்மொழியைப் பதிவு செய்வது, தென்னிந்திய விளையாட்டு வரலாற்று ஆய்வின் காத்திருக்கும் கடமை.