ஒப்புரவும் வணிக நம்பகமும்: மகமை மரபு முதல் தாராவி வரை

வணிகத்தையும் கொடையையும் எதிரெதிராக நிறுத்திப் பார்க்கும் போக்கு பரவலாக உள்ளது. தமிழ் மரபு அவ்வாறு கருதவில்லை. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் செல்வத்தோடு கொள்ளலிலும் கொடுத்தலிலும் அவர்கள் காத்த நேர்மையையும் சிறப்பிக்கிறது. திருக்குறள், ஈகை அதிகாரத்திற்கு முன்பாக ஒப்புரவறிதலை வைக்கிறது. ஈகை வறியவர்க்கு வழங்குவது. ஒப்புரவு ஊரோடு ஒத்து வாழ்ந்து பொதுநன்மைக்கு உதவுவது. வணிக உறவை வளர்த்ததில் ஈகையினும் ஒப்புரவுக்கே பங்கு மிகுதி என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

இதற்குத் தக்க சான்று மகமை. வணிகர் தம் சரக்கின் அளவுக்கேற்ப ஒரு சிறு பங்கைப் பொதுநிதிக்குச் செலுத்தும் வழக்கமே மகமை எனப்படும். இதன் முன்வடிவை 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பிரான்மலைக் கல்வெட்டில் காணலாம். உப்பு, மிளகு, மஞ்சள் முதல் குதிரை வரையிலான சரக்குகளுக்கு இவ்வளவு என வரையறுத்து, வணிகக் குழுவினர் கோயிலுக்கு அளிக்க உடன்பட்ட செய்தியை அது தருகிறது.

19ஆம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுநகர் முதலிய ஊர்களின் நாடார் உறவின்முறைகள் மகமையைக் கல்விக்கும் பொதுப்பணிக்கும் பயன்படுத்தின. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை வீடுதோறும் பெற்ற பிடியரிசியாலும் வளர்ந்தது; காமராசர் அங்குப் பயின்றவர். மகமை செலுத்துவோர் யார், தவறுவோர் யார் என்பது ஊரறிந்த செய்தி. எனவே தவறாது செலுத்தியவரின் சொல்லுக்குக் கடைத்தெருவில் மதிப்பிருந்தது. பிணக்குகளைத் தீர்த்ததும் அதே உறவின்முறையே. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றுவதற்கு இத்தகைய கூட்டு நம்பிக்கையும் களம் அமைத்தது எனலாம். அவ்வங்கி 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறியது.

இம்மரபின் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். உறவின்முறை சாதி வழிப்பட்டது. அது தந்த நம்பகமும் பெரும்பாலும் அவ்வட்டத்திற்குள்ளேயே நின்றது. பிறந்த ஊரையும் உறவையும் விட்டுப் பெயர்ந்தவர்கள் அத்தகைய நம்பகத்தை எவ்வாறு உருவாக்கினர் என்ற வினா இங்கு எழுகிறது.

மும்பைத் தாராவி இதற்கு விடை தருகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முசுலிம்கள் அங்குத் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். 1887இல் பெரிய பள்ளிவாசலும் 1913இல் பிள்ளையார் கோயிலும் அங்கு எழுந்தன. ஈடு வைக்க நிலமோ பத்திரமோ இல்லாத ஒருவருக்குக் கடனோ வேலையோ கிடைக்க, அவரை அறிந்தோர் வேண்டும். அவ்வாறு அறியப்படுவதற்குப் பொது இடங்களும் அவற்றிற்கு அளித்த நன்கொடைகளும் வழிவகுத்தன. சீட்டுப் பிடிப்பதும் ஊர்ச்சங்கம் நடத்துவதும் இவ்வழிப்பட்டனவே. அருகிலுள்ள மாதுங்காவில் அலுவலகப் பணிகளை நாடி வந்த தென்னிந்தியர் மிகுந்திருந்தனர். 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விக் கழகம் அவர்தம் கூட்டுக்கொடையின் வடிவமாகும். எனினும் மாதுங்காவினர்க்கு மாத ஊதியம் காப்பாக இருந்தது. தாராவியினர்க்கோ அண்டை அயலாரின் நம்பிக்கையே முதலீடு.

அம்முதலீடு இன்று கேள்விக்குள்ளாகியுள்ளது. 2022இல் தாராவி மறுசீரமைப்புக்கான ஒப்பந்தப்புள்ளியில் அதானி குழுமம் தேர்வு பெற்றது. 2000ஆம் ஆண்டு தொடக்கத்திற்கு முன் தாராவியில் குடியிருந்தமைக்குச் சான்றுடையோர்க்கு அங்கேயே வீடு என்பதும், ஏனைய பலர்க்கு வெளியே வீடு என்பதும் திட்டம். வீட்டின் பரப்பைச் சதுர அடியில் அளக்கலாம். பல்லாண்டுக் கொடுக்கல் வாங்கலில் விளைந்த நம்பகத்தை அளக்கும் கோல் எதுவும் இழப்பீட்டுக் கணக்கில் இல்லை. குடிகள் சிதறினால் சங்கமும் சீட்டும் சிதறும். அவற்றை நம்பிய சிறுதொழிலும் தளரும். எனவே, தமிழரின் பொதுக்கொடையை அறச்செயலாக மட்டுமன்றிப் பொருளியல் வரலாறாகவும் பதிவு செய்தல் இக்காலத்தின் உடனடித் தேவையாகும்.