கொதிக்கும் என்ஜின்: கோளாறு கண்டறியும் கலையின் வரலாறு

கார் என்ஜினில் எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குளிர்விக்கும் நீர்தான் வெளியேற்ற வேண்டும். அந்த வழி அடைபட்டால் என்ஜின் கொதிக்கும். எங்கே அடைபட்டது என்று கண்டறியும் முறை ஒரே நாளில் உருவானதன்று. காரில் புதிய பாகம் சேரும்போதெல்லாம் மெக்கானிக் சோதித்துப் பார்க்க வேண்டிய இடமும் ஒன்று கூடியது.

கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சூழ்ந்திருந்த நீர் ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோயிற்று. அங்கே கொதிப்பது இயல்பு. தண்ணீர் தீர்ந்துபோவதே கோளாறு. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் இரு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அவ்வகை வண்டியில் சென்றபோது, வழியெங்கும் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்ற நேர்ந்தது.

நீரை வீணாக்காமல் திரும்பத் திரும்பச் சுழலவிடும் வழியை வில்ஹெல்ம் மேபாக் செம்மைப்படுத்தினார். அவர் வடிவமைத்து 1900இன் இறுதியில் வெளிவந்த 35 குதிரைத்திறன் மெர்சிடீஸ் காரின் தேன்கூடு ரேடியேட்டரில் 8,070 சிறு சதுரக் குழாய்கள் இருந்தன. குழாய்களுக்குள் காற்றும், அவற்றின் இடுக்குகளில் நீரும் ஓடின. அதனோடு புதுக் கோளாறுகளும் வந்தன: வெளியே புழுதி அடைத்தது, உள்ளே உப்புநீரின் படிவு அடைத்தது.

1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் முதல் இரண்டாயிரத்துச் சொச்சம் வண்டிகளோடு வாட்டர் பம்ப் கைவிடப்பட்டது. சூடான நீர் தானே மேலேறும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயல்பை நம்பியே மற்றவை ஓடின. நீர்மட்டம் மேல்குழாய்க்குக் கீழே இறங்கினால் சுழற்சி நின்றுவிடும். எனவே அந்தக் காரில் முதலில் பார்க்க வேண்டியது நீர்மட்டம். 1910களில் ரேடியேட்டர் மூடியின் மேல் பொருத்தும் பாய்ஸ் மோட்டோமீட்டர் என்ற வெப்பமானி பரவியது. ஆவி எழுவதற்கு முன்பே சூடு ஏறுவதை ஓட்டுநர் இருக்கையிலிருந்தபடி காண முடிந்தது அப்போதுதான்.

பின்னர் பெல்ட்டால் சுழலும் பம்ப் நிலைபெற்றது. என்ஜின் சூடாகும்வரை நீரோட்டத்தைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட் வந்தது. மெழுகு உருகி விரிவதால் திறக்கும் வகையை 1930களில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கினார். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட்டும் அழுத்த மூடியும் சேர்ந்து கொதிநிலையை 100 பாகை செல்சியஸுக்கு மேல் உயர்த்தின. என்ஜின் குறுக்குவாட்டில் அமைந்த கார்கள் பெருகியபின் மின்விசிறி பொதுவாயிற்று.

பாகங்கள் பெருகியதால், ‘எப்போது சூடேறுகிறது?’ என்ற கேள்வி முதன்மை பெற்றது. நெரிசலில் நிற்கும்போது சூடேறி, வேகமாக ஓடினால் தணிகிறது என்றால் விசிறி, அதன் ரிலே அல்லது சென்சார் மீது சந்தேகம் விழும். ஓட்டத்தில் எதிர்க்காற்றே விசிறியின் வேலையைச் செய்துவிடுகிறது. நெடுஞ்சாலையிலும் மேட்டிலும் மட்டும் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பையோ தேய்ந்த பம்பையோ பார்க்க வேண்டும். கிளம்பிய சில நிமிடங்களில் வெப்பமானியின் முள் ஏறியும் கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால், தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கலாம். வெளியே கசிவில்லாமல் கூலன்ட் குறைவது, வெள்ளைப் புகை, ஆயிலில் பால்நிறம் ஆகியவை ஹெட் கேஸ்கெட் பழுதைக் காட்டும்.

அழுத்த மூடி வந்தபின் ஓர் எச்சரிக்கையும் நிரந்தரமாயிற்று. சூடான என்ஜினில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறைந்து, நீர் அக்கணமே ஆவியாகி முகத்தில் பாயும். எனவே வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை நிறுத்தி, முற்றிலும் ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.